ஒரே ககரம், மூன்று ஒலிகள்: மொழியியலுக்கு முதல் பயிற்சி

மொழியியலில் ஆசை வந்த மாணவர்கள் தடித்த புத்தகத்தில் அல்ல, காதில் தொடங்கலாம். தொண்டையில் இரண்டு விரல் வைத்து கல், பங்கு, மகன் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான். கல்லில் அகரம் எழும்வரை அதிர்வு இல்லை; பங்கில் ஙகரத்தின் அதிர்வு ககரத்துக்கும் தொடர்கிறது; மகனில் ஹகரம்போல் இளகிவிடுகிறது. யாரும் சொல்லித்தராமலே நாம் காக்கும் ஒழுங்கு இது, எவ்வளவு அழகு!

பிறகு வீட்டுப் பெரியவரிடம் கேட்டு இப்படி 10 சொற்களைப் பதிவு செய்யுங்கள். பட்டியலாக வாசித்தால் கடைசிச் சொல் இழுபடும். ஆகவே ஒவ்வொன்றையும் ‘அவர் … என்றார்’ என்ற வாக்கியத்துக்குள் வைத்து 3 முறை சொல்லச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பாகச் சேமித்து, ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளில் திறந்தால், ஒலிப்படத்தில் அதிரும் ககரத்தின் அடியில் கரும்பட்டை தெரியும்.