கரிசல் மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் செய்யவேண்டிய மண் பரிசோதனை

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் வீடு கட்டுவோர் பலர், பக்கத்து மனைக்காரர் எத்தனை அடி தோண்டினார் என்று கேட்டே தம் அஸ்திவாரத்தின் ஆழத்தை முடிவு செய்கிறார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் ஊறி உப்பும் கரிசல் மண்ணில் இது ஆபத்தான வழக்கம். வரைபடம் இறுதியாவதற்கு முன்பே மண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும்.

முதலில் மனையின் பழைய நிலையை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். தூர்த்த கிணறோ ஓடையோ அங்கே இருந்திருந்தால் அந்த இடத்தில் தனியாக ஒரு துளை போடச் சொல்ல வேண்டும். சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளை போதும் என்று மண் ஆய்வுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1892 இடம் கொடுத்தாலும், கரிசலில் இரண்டு போடுவதே நல்லது என்பது என் கருத்து. கரிசல் முடிந்து சரளையோ பாறையோ தட்டுப்படும் வரை துளை இறங்கட்டும்.

துளையிடும் நாளில் நீங்கள் கட்டாயம் உடனிருங்கள். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குள் இறக்கிய கம்பியில் சாக்பீஸால் 15 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்ட மூன்று கோடுகளும் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையே மண்ணின் உறுதியைக் காட்டும் 'என்' (N) மதிப்பு. சித்திரை வெயிலில் இறுகிய கரிசல் இந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். மழைக்குப் பின் அதே மண் குழைந்துவிடும். ஆகவே இந்த எண்ணை மட்டும் நம்பி அஸ்திவாரம் போடக்கூடாது.

மண் எவ்வளவு உப்பும் என்பதை ஆய்வகத்தில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமை இரண்டு கண்ணாடி அளவுகுழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மி.லி. நிற்கும் மண் தண்ணீரில் 18 மி.லி. ஆனால், உப்பல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டிவிட்டாலே சாதாரண அஸ்திவாரம் போதுமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். அடியில் குமிழ்போல விரிந்த பைல்களை (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்களை), பருவத்துக்குப் பருவம் மண் அசையாத ஆழத்தில், பெரும்பாலும் 3.5 மீட்டர் அளவில், நிறுத்தச் சொல்வது வழக்கம்.

துளையில் தண்ணீர் ஊறி நிலைத்த பிறகு நிலத்தடி நீர்மட்டத்தைக் குறிக்கச் செய்து, அந்த நீரில் சல்பேட், குளோரைடு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும், ஒவ்வொரு ஆழத்துக்கும் மண்ணின் வகை, 'என்' மதிப்பு, உப்பல் சதவீதம் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, நீங்கள் நேரில் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.