பச்சை வளையத்தில் கொயில் சுற்றாதீர்கள்: பக் கொன்வேர்ட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை மஸ்கெலியாவிலிருந்து இரண்டு தம்பிமார் ஹட்டனில் இருக்கும் என் ரிப்பேர் மேசைக்கு ஒரு போர்டைக் கொண்டுவந்தார்கள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். த்ரீவீலர் பெட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி, தோட்ட லயத்தில் கரண்ட் போகும் நேரத்தில் போன் சார்ஜ் பண்ண ஒரு பக் கொன்வேர்ட்டர் கட்டியிருந்தார்கள். மொஸ்பெட்டை ஓட்டும் டீஎல்494 ஐசி, சுவிட்ச் வேலை செய்யும் ஐஆர்எஃப்9540 மொஸ்பெட், ஈயம் வைத்த விதம் எல்லாமே சுத்தம். "மொஸ்பெட் மூணு தரம் எரிஞ்சிருச்சு அண்ணே, டூப்ளிகேட் போல" என்றான் மூத்தவன். எனக்குக் கண் போனது கொயில் மேல். முழுப் பச்சை நிற வளையம், அதில் நான்கே நான்கு சுற்று.

2022ல் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, கெப்பசிட்டரைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவை முதல் நாளே வெளிப்பட்டுவிடும். இரண்டு வாரம் ஆளை அலைய வைக்கும் தவறுகள்தான் இங்கே.

வேலை செய்யும் விதத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7805 என்ற சாதாரண ரெகுலேட்டர் ஐசி போட்டால் மிச்சமுள்ள 7 வோல்ட் முழுதும் சூடாகப் போய்விடும். 1 அம்பியர் எடுத்தால் 7 வோட்ஸ் வீண். பக் கொன்வேர்ட்டர் அப்படி எரித்துத் தள்ளாது. மொஸ்பெட் ஒரு வினாடிக்கு இலட்சம் தரம், தண்ணீர்க் குழாய் போல, திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தில் கொயில் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூடியதும் டயோட் வழியாக அதே கரண்ட் தொடர்ந்து ஓடும். 12ஐ 5 ஆக்க, திறந்து மூடும் ஒவ்வொரு தரத்திலும் சுமார் 42 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும். சக்தியைப் பிடித்து வைப்பது கொயிலின் வேலை. அந்த வேலைக்குத் தகுதியில்லாத கோரை, அதாவது கம்பி சுற்றும் வளையத்தை, எடுத்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

பச்சை வளையம்

கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வாசலில், மெயின் கரண்ட் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் சுற்றிய ஒரு வளையம் இருக்கும். அது கொமன் மோட் சோக். அதிலே ஒரு கம்பியில் போகும் கரண்ட்டும் மறு கம்பியில் திரும்பும் கரண்ட்டும் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அழித்துவிடும். ஆகவே கோருக்கு எந்த நிரந்தரச் சுமையும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அதை மிக அதிக பேர்மியபிலிட்டி (காந்தப் புலத்தை எளிதாக உள்ளே விடும் தன்மை) உள்ள பெரைட் என்ற காந்தப் பொருளில் செய்கிறார்கள். பக் கொன்வேர்ட்டரில் நிலைமை வேறு. லோட்டுக்குப் போகும் டீசி கரண்ட் முழுதும் ஒரே திசையில், ஒரே கம்பியில், நிற்காமல் ஓடுகிறது. அழிக்க மறுபக்கம் ஆள் இல்லை.

ஆளை ஏமாற்றுவது மீட்டர். பச்சை வளையத்தில் 4 சுற்றுப் போட்டு, கொயிலின் இன்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்தால் 48 மைக்ரோஹென்றி காட்டும். கணக்குக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதுதான். கம்பியும் மிச்சம். ஆனால் அந்த மீட்டர் கொயிலுக்குள் அனுப்புவது சில மில்லியம்பியர் மட்டுமே. 2 அம்பியர் போகும்போது அதே கொயில் என்ன ஆகும் என்று மீட்டருக்குத் தெரியாது.

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காந்த அடர்த்தி என்பது இன்டக்டன்ஸையும் கரண்ட்டையும் பெருக்கி, சுற்று எண்ணிக்கையாலும் கோரின் குறுக்குப் பரப்பாலும் வகுத்தால் வருவது. 48 மைக்ரோஹென்றி, உச்சக் கரண்ட் 2.3 அம்பியர், 4 சுற்று, பரப்பு 40 சதுர மில்லிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 0.69 டெஸ்லா. இந்த வகைப் பெரைட் 0.35, 0.4 டெஸ்லாவிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய கோர் கோரே இல்லை, கொயில் வெறும் செப்புக் கம்பிதான். கரண்ட்டைத் தடுக்க ஆளில்லாமல் அது மேலே பாயும், மொஸ்பெட் உள்ளுக்குள் ஷோட் ஆகும். ஷோட் ஆன மொஸ்பெட் வழியாக 12 வோல்ட்டும் நேராக வெளியே வரும். இந்தத் தவறு விலை கூடியது ஆவது அந்த இடத்தில்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலம். எங்கள் லயத்தில் எல்லார் போனும் செத்துக் கிடந்தது. பழைய பெட்டரி ஒன்றில் இப்படியொரு கொன்வேர்ட்டரைக் கட்டினேன். ஒரு சின்னப் பல்பில் 300 மில்லியம்பியர் போட்டுப் பார்த்தேன், அசையாமல் 5 வோல்ட் நின்றது. ஒரு போன் போட்டேன், ஏறியது. அப்புறம் தங்கச்சியின் போனையும் பக்கத்து வீட்டு அக்காவின் போனையும் சேர்த்துச் சொருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம். அக்காவின் புதுப் போன் தப்பியது. தங்கச்சியின் பழைய போன் அதற்குப் பிறகு எழும்பவேயில்லை. அவளுடைய ஓ.எல். பாடக் குறிப்பு, டீச்சர் அனுப்பிய வினாத்தாள் எல்லாம் அதற்குள்ளேயே போயின. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரீட்சைக்கு மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளை இரவல் வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் எழுதி எடுத்தாள். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இன்னும் எரிச்சல் தருவது, எரிந்த பிறகு எல்லாரும் மொஸ்பெட்டையே குற்றம் சொல்வது. டூப்ளிகேட் என்பார்கள். கொழும்பு புறக்கோட்டைக்கு பஸ் ஏறி, ஒரு நாளைச் செலவழித்து, இன்னும் பெரிய மொஸ்பெட் வாங்கி வருவார்கள். பெரிய மொஸ்பெட்டின் கேட் (அதைத் திறந்து மூடும் கால்) கெப்பசிட்டன்ஸும் பெரிது, ஆகவே திறந்து மூட இன்னும் தாமதம், இன்னும் சூடு. கொயில் அதே கொயில். நானும் இரண்டு தரம் போய் வந்தேன்.

சரி, எதை எடுப்பது? அதே பவர் சப்ளையில், வெளியேறும் 5 வோல்ட், 12 வோல்ட் பக்கம், மஞ்சள் நிறத்தில் ஒரு முகம் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். அது இரும்புத் தூள் கோர். தூள் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் பரவிக் கிடக்கின்றன. சக்தி தங்குவது அந்த இடைவெளிகளில்தான். பச்சையில் ஒரு முகம் நீலமாக இருந்தால் அதுவும் தூள் கோர், பயப்பட வேண்டாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், யாரும் எந்த நிறமும் பூசலாம். பத்துச் சுற்றுச் சுற்றி அளந்து பாருங்கள். 27 மில்லிமீற்றர் விட்டமுள்ள மஞ்சள் வெள்ளை வளையத்தில் 9 மைக்ரோஹென்றி அளவில் வரும். சோக் பெரைட்டில் 300 வரும். பத்துச் சுற்றில் 100ஐத் தாண்டினால் அந்த வளையத்தை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

மஞ்சள் வளையத்தில் 23 சுற்றுப் போட்டால் 49 மைக்ரோஹென்றி. 100 கிலோஹேர்ட்ஸில், 2 அம்பியர் லோட்டில், கரண்ட் ஏறி இறங்கும் வீச்சு 0.6 அம்பியர். காந்த அடர்த்தி 0.07 டெஸ்லாதான். கொஞ்சம் சூடாகும், அது இந்த வகைத் தூளின் இயல்பு. கையை வைக்க முடியாத சூடு என்றால் சுற்றைக் கூட்டுங்கள், அல்லது பெரிய வளையம் எடுங்கள்.

பெரைட் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈ வடிவக் கோர் இரண்டின் நடுவே காகிதத் துண்டு வைத்து இடைவெளி விட்டால் அருமையாக வேலை செய்யும். இடைவெளி இல்லாத வளையம்தான் எமன்.

ஒசிலோஸ்கோப் இருந்தால் கொயிலோடு தொடராக 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கரண்ட்டைப் பாருங்கள். ஏறும் கோடு நேராக இருக்க வேண்டும். முடிவில் கொக்கி போல மேலே வளைந்தால் கோர் நிரம்புகிறது. ஸ்கோப் இல்லாதவர்களுக்கு அம்பியர் மீட்டர் போதும். 5 வோல்ட்டில் 1 அம்பியர் எடுக்கும்போது 12 வோல்ட் பக்கம் அரை அம்பியர் அளவில் இருக்க வேண்டும். 0.8 காட்டினால் உடனே நிறுத்துங்கள். திறந்து மூடும் சுவிட்சும் உள்ளேயே உள்ள எல்எம்2596 மாதிரி ஐசிக்குள் கரண்ட் லிமிட் இருப்பதால் அது உடனே சாகாது. சூடாகி, வெளி வோல்டேஜ் சரியும். அதுவும் இதே நோயின் அடையாளம்தான்.

1என்4007 டயோட்

போடவே போடாதீர்கள். அது 50 ஹேர்ட்ஸ் வேலைக்கு உரியது. வேகமான 1என்5822 ஷொட்கி டயோட் போடுங்கள்.

கேட்டுக்கு 10கே

ஐஆர்எஃப்9540 போன்ற பீ சனல் மொஸ்பெட்டை மூட, கேட்டிலிருந்து பிளஸுக்கு 10 கிலோஓம் ஒன்றைப் போட்டு விட்டுவிடுகிறார்கள். ஐஆர்எஃப்9540 கேட்டின் கெப்பசிட்டன்ஸ் சுமார் 1.4 நானோபாரட். இரண்டையும் பெருக்கினால் 14 மைக்ரோசெக்கன். 100 கிலோஹேர்ட்ஸில் ஒரு தரம் திறந்து மூடும் முழு நேரமே 10 மைக்ரோசெக்கன்தான். மொஸ்பெட் எப்போது மூடும்? என்பிஎன், பிஎன்பி டிரான்சிஸ்டர் சோடி ஒன்றால் கேட்டை இழுத்துத் தள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று எதிர் வகை (என்-சனல்) மொஸ்பெட் ஐஆர்எஃப்இசட்44ஐ மேல்பக்கம், பிளஸுக்கும் கொயிலுக்கும் நடுவே, போட்டு, கேட்டுக்கு அதே 12 வோல்ட்டைக் கொடுப்பதும் இதன் உடன்பிறப்பு. கரண்ட் வெளியேறும் சோர்ஸ் காலின் வோல்டேஜ் மேலே எழும்ப எழும்ப கேட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடும், பாதி திறந்தபடியே வேகும். அதற்கு ஐஆர்2104 போன்ற டிரைவர் வேண்டும்.

பிரெட்போர்ட்

ஈயம் வைக்காமல் சொருகிக் கட்டும் அந்தப் பலகை வேண்டாம். 10 சென்டிமீற்றர் கம்பிக்கே 100 நானோஹென்றி அளவில் இருக்கும். 2 அம்பியரை 20 நானோசெக்கனில் வெட்டினால் அதில் 10 வோல்ட் துள்ளும். உள்ளீட்டுக் கெப்பசிட்டர், மொஸ்பெட், டயோட் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கட்டும்.

பனியும் பீட்பேக்கும்

இது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. கரண்ட் மிச்சம் பிடிக்க, வெளி வோல்டேஜை ஐசிக்குச் சொல்லும் பீட்பேக் ரெசிஸ்டர்களில் 100 கிலோஓம், 300 கிலோஓம் என்று போடுவார்கள். தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் காலைப் பனியில், ஈயம் வைத்தபின் கழுவாத பிளக்ஸ் பசை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விடியற்காலை ஒரு வோல்டேஜ், வெயில் வந்ததும் வேறு வோல்டேஜ். எல்எம்2596க்குக் கீழே 1 கிலோஓம், மேலே 3 கிலோஓம் அளவில் போடுங்கள். அதன் ஒப்பீட்டு வோல்டேஜ் 1.23, கணக்கு 5க்குப் பக்கத்தில் நிற்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் கழுவிக் காயவைத்து வார்னிஷ் பூசுங்கள். வோல்டேஜைத் திருகிச் சரிசெய்யும் பொட்டை (மாறும் ரெசிஸ்டர்) கீழ்ப் பக்கம் வையுங்கள். அது என்றாவது தொடர்பு விட்டால் வெளி வோல்டேஜ் 1.23க்கு இறங்கிவிடும். மேல்பக்கம் இருந்தால் 12க்கு ஏறும்.

முதல் தரம் கரண்ட் கொடுக்கும்போது

பெட்டரியை நேரே கொடுக்காதீர்கள். த்ரீவீலர் பிரேக் பல்பு, 12 வோல்ட் 21 வோட்ஸ், அதைத் தொடரில் போடுங்கள். எங்கே ஷோட் இருந்தாலும் பல்பு முழுதாக எரியும், 1.75 அம்பியருக்கு மேல் போகாது. சின்ன லோட்டில் 5 வோல்ட் நின்றால் பல்பை எடுத்துவிட்டு 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். பெரிய லோட்டில் பல்பு இருந்தால் உள் வோல்டேஜ் சரிந்து கொன்வேர்ட்டர் தடுமாறும். லோட்டுக்குப் போன் வேண்டாம், 4.7 ஓம் 10 வோட்ஸ் சீமெந்து ரெசிஸ்டர் போதும்.

வெளிப்பக்கம் ஒரு 5.6 வோல்ட் செனர் டயோட்டும் ஒரு தைரிஸ்டரும் போடுங்கள். மொஸ்பெட் ஷோட் ஆகி வோல்டேஜ் ஏறினால் செனர் தைரிஸ்டரைத் திறக்கும், தைரிஸ்டர் வெளிப்பக்கத்தை ஷோட் பண்ணும், பியூஸ் போகும், போன் பிழைக்கும். தங்கச்சியின் போனுக்குப் பிறகு இது இல்லாமல் ஒரு போர்டையும் நான் வெளியே விட்டதில்லை.

அந்தத் தம்பிமாரோடு உட்கார்ந்து, என்னிடம் கிடந்த ஒரு செத்த பவர் சப்ளையைக் கழற்றினோம். மஞ்சள் வளையத்தை எடுத்து, சின்னவன் 23 சுற்றையும் எண்ணி எண்ணிச் சுற்றினான். 2 அம்பியரில் அரை மணி நேரம் ஓடியது. மொஸ்பெட் இளஞ்சூடு. மஸ்கெலியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, தைரிஸ்டர் இன்னும் போடவில்லை. போர்டை நான் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அதையும் போட்டுவிட்டுக் கொண்டுபோனார்கள்.