ஸ்கேன் அறிக்கைக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்: தண்டுவடச் சுருக்கத்தில் நான் செய்த தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிவியர்', அதாவது கடுமையானது என்று போட்டிருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடட்டுமா?" என்றார். நிற்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அது என்ன சம்பந்தமில்லாத கேள்வி என்பதுபோல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவரைக் கோபிக்க எனக்குத் தகுதி இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஆனால் இடுப்புத் தண்டுவடச் சுருக்கம் (இடுப்புப் பகுதி முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் குழாய் குறுகிப்போவது) என்று புதிதாகத் தெரியவந்து என்னிடம் பேசுகிற ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே பள்ளத்தில் சரியாகக் கால் வைப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாரம் தூக்காதீர்கள், எடையைக் குறையுங்கள், புகையை விடுங்கள் என்பதையெல்லாம் வீட்டில் உள்ளவர்களே நாள்தோறும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிக்கையில் உள்ள சொல்லுக்கு வைத்தியம் பார்ப்பது

என் அறிக்கையில் நான்கு வரி இருந்தது. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, பின்பக்க மூட்டுகள் தடித்திருக்கின்றன, தசைநார் கனத்திருக்கிறது, நரம்புகள் செல்லும் குழாய் 'சிவியராக'ச் சுருங்கியிருக்கிறது. முதல் மூன்று வரிகளை நான் படித்ததாகவே நினைவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் படித்தேன். அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலை நடைப்பயிற்சியை நிறுத்தினேன்.

நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குழாய் அவ்வளவு குறுகியிருக்கும்போது நடந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். நாற்காலி, கட்டில், நாற்காலி என்று ஆறு மாதம் போயிற்று. இடுப்புப் பட்டையை இரண்டு துளை இறுக்க வேண்டி வந்தபோது எடை குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். குறைந்தது தொடைத் தசை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு மூன்று மருத்துவர்களிடம் போனேன். ஒருவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு அறுவை தேவை என்றார். இன்னொருவர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மூன்றாமவர் எலும்பை அகற்றுவதோடு ஸ்க்ரூ போட்டு இணைக்கவும் வேண்டும் என்றார். மூவரையும் பல நாள் திட்டித் தீர்த்தேன். உண்மையில் அவர்களிடம் நான் கொடுத்தது படத்தை மட்டுமே. "என்ன தொந்தரவு?" என்று கேட்டதற்கு, "நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் சிவியர்" என்று பதில் சொன்ன ஆள் நான். பல்வலிக்காரர் எக்ஸ்ரே எண்ணைச் சொன்னதுபோல.

நான்காவது மருத்துவர் உறையை வாங்கிப் பிரிக்காமலே மேசை ஓரத்தில் வைத்தார். "வாருங்கள், வெளியே போய் நடப்போம்" என்றார். மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே வந்தார். முதல் சன்னல் வரை ஒன்றுமில்லை. இரண்டாவது சன்னலைத் தாண்டியதும் இடது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை ஈயம் ஊற்றியதுபோல் கனம் இறங்கியது. நின்றேன். "நின்றால் குறைகிறதா?" இல்லை. அங்கே ஓரமாக ஒரு தள்ளுவண்டி கிடந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்து தள்ளச் சொன்னார். தள்ளினேன். அரை நிமிடத்தில் கனம் வடிந்தது. வண்டியோடு தாழ்வாரக் கடைசி வரை போய்த் திரும்பி வந்தேன். அதன் பிறகுதான் அவர் உறையைப் பிரித்தார்.

நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் குழாய் இன்னும் சுருங்குகிறது. குனிந்தால், உட்கார்ந்தால் கொஞ்சம் விரிகிறது. கடையில் தள்ளுவண்டியோடு அரை மணி சுற்ற முடிந்தவரால் வெறுங்கையோடு ஐந்து நிமிடம் நடக்க முடியாமல் போவதும், சைக்கிள் மிதிக்க முடிந்தவரால் வரிசையில் நிற்க முடியாமல் போவதும் இதனால்தான். இது ஸ்கேனில் தெரிவதில்லை. படுக்க வைத்துத்தானே படம் எடுக்கிறார்கள்! ஹெங்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு நரம்பியல் அறுவை மருத்துவர் 1954-இல் இந்த நோயை விரிவாக எழுதியபோது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. நின்றால், நடந்தால் கால் ஓய்ந்துபோகிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது என்று நோயாளிகள் சொன்னதுதான் அவருக்கு முதல் தடயம்.

படம் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அறுவை செய்வதானால் எந்த இடத்தில் என்று காட்ட அது வேண்டும். ஆனால் 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியோ கால்வலியோ இல்லாத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குழாய் சுருங்கியிருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாமல்! அறுவை செய்யாமல் விடப்பட்ட 32 நோயாளிகளைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் கவனித்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றும் உண்டு. பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள். சுமார் 15 சதவீதம் பேர் மோசமானார்கள், அதே அளவினர் தேறினார்கள். நடந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று நான் கட்டிலில் கிடந்த ஆறு மாதத்துக்கு இதில் எங்கே இடம்?

அந்த மருத்துவர் எனக்கு முதலில் எழுதித் தந்தது மருந்தல்ல, ஒரு வேலை. வாரம் இரண்டு நாள், ஒரே பாதை, ஒரே நேரம், அதே செருப்பு. எத்தனையாவது நிமிடத்தில் கால் கனக்கிறது, எப்போது உட்கார வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் மறுபடி நடக்க முடிகிறது என்று மூன்றே எண்களைக் குறிக்க வேண்டும். முதல் மாதம் உட்கார வேண்டி வந்தது பதினோராவது நிமிடத்தில். அதில் பாதி நோய், மீதி நானே வரவழைத்த தசைத் தளர்ச்சி. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளும் நிலைசைக்கிளுமாக நான்கு மாதத்தில் பத்தொன்பதுக்கு ஏறியது. ஓராண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. பிறகு பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, நான்கு. அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அறுவைதான் என்று முடிவெடுக்க எங்கள் இருவருக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேனில் அப்போதும் அதே 'சிவியர்'தான்.

வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் போவது

"முதுகு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழாயைத் திறந்துவிடும் அறுவையால் பெரிதும் பயனடைவது கால்: நடக்கும்போது வரும் கனம், குடைச்சல், மரத்துப்போதல். வெறும் இடுப்புவலிக்கு அதே பலன் கிடைக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். கால் நூற்றுக்கு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று வீட்டிலேயே மனத்தில் பிரித்துக்கொண்டு போங்கள். இடுப்பே எண்பது என்றால் அந்தப் பேச்சு வேறு.

எல்லாக் கால்வலியும் முதுகிலிருந்து வருகிறது என்று நம்புவது

கால் இரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும். ஆனால் அது சும்மா நின்றாலே தணியும், குனிய வேண்டியதில்லை. சைக்கிள் மிதித்தாலும் வரும். சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு வேறு மாதிரி: பாதத்தில் எரிச்சல், இரவில் படுக்கையில்தான் அதிகம். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் ஆளை ஏமாற்றும். அறுபதைத் தாண்டியவரிடம் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கலாம். பாதத்தில் நாடி பார்க்காத மருத்துவரிடம் நீங்களாகவே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

அடுத்தவரின் பயிற்சியைச் செய்வது

டிஸ்க் பிதுங்கி வலி வந்த நண்பருக்குக் குப்புறப் படுத்து உடலைப் பின்னால் வளைக்கும் பயிற்சி நன்றாக வேலை செய்தது. நானும் செய்தேன். இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. நமக்குப் பெரும்பாலும் முன்பக்கம் மடங்கும் பயிற்சிகள்தான் ஒத்துப்போகும்: மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்ப்பது, வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையில் அழுத்துவது.

இடுப்பைத் தாங்கக் கட்டும் பெல்ட்

வெளியே போகும்போது கட்டுங்கள். வீட்டில் கழற்றிவிடுங்கள்.

ஊன்றுகோலுக்கு வெட்கப்படுவது

நானும் வெட்கப்பட்டேன். ஓராண்டு வீணாயிற்று.

ஊசியே முடிவு என்று நினைப்பது

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் நிம்மதி தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2014-இல் 400 நோயாளிகளை வைத்து, மரத்துப்போகும் மருந்தைத் தனியாகவும் ஸ்டீராய்டு சேர்த்தும் போட்டு ஒப்பிட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு சேர்த்ததால் கிடைத்த கூடுதல் பலன் சொற்பம். ஒரு திருமணத்துக்குப் போய்வர வேண்டும், அதுவரை தாங்கினால் போதும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது, ஐந்தாவது ஊசி என்று போனால் எதற்காக என்று கேளுங்கள்.

ஸ்க்ரூ எதற்கு என்று கேட்காமல் தலையாட்டுவது

அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் அகற்றி இடம் விடுவது ஒன்று. அதோடு முள்ளெலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைப்பது வேறொன்று. இரண்டாவதற்கு அறுவை நேரமும் தேறும் காலமும் கூடும். 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 247 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தபோது, இணைப்பைச் சேர்த்ததால் இரண்டு ஆண்டிலும் சரி, ஐந்து ஆண்டிலும் சரி, கூடுதல் நன்மை தெரியவில்லை. முள்ளெலும்பு சற்று நழுவியவர்களிடம் நார்வேயில் நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. அதிலும் வெறுமனே இடம் விடுவது இணைப்புக்குக் குறைந்ததாக இல்லை. சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்று இணைப்புக்குச் சற்றே சாதகமாகவும் சொன்னது. எலும்பு அசையும்போது நழுவுகிறது, முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, அகற்ற வேண்டிய எலும்பு அதிகம் என்றால் இணைப்புக்கு நியாயம் உண்டு. ஆகவே கேள்வி இதுதான்: "என் முதுகில் எது அசைகிறது? எந்தப் படத்தில் தெரிகிறது?" முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுத்த எக்ஸ்ரே எங்கே என்றும் கேளுங்கள்.

தள்ளிப்போடுவதற்குப் பொறுமை என்று பெயர் வைப்பது

பயந்து ஓடுவது ஒரு தவறு என்றால் இது அதன் அண்ணன். நான்கு நிமிடத்துக்கு இறங்கிய பிறகும் நான் ஐந்து மாதம் நோட்டை யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே வாழப் பழகிக்கொண்டேன். நண்பர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன், மாடியறையை மறந்தேன். இந்த நோய் ஆளைக் கொல்வதில்லை. உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது, நாமும் அதற்குள் ஒடுங்கிக்கொள்கிறோம்.

2008-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், அறுவை வேண்டாம் என்ற பிரிவில் போடப்பட்டவர்களிலேயே 43 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். உண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். செய்துகொள்ளாதவர்கள் பெரிதாகக் கெட்டுப்போகவும் இல்லை. ஆண்டுகள் கூடக் கூட அந்த இடைவெளி ஒரு பகுதியினரிடம் குறைந்தது. எனக்கு இதில் புரிந்தது, இது உயிர் காக்கும் அறுவை அல்ல, நடையைத் திரும்ப வாங்கும் அறுவை என்பதுதான். எத்தனை நிமிட நடை இருந்தால் உங்கள் நாள் ஓடும் என்பதை வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

கழுத்துக்கும் இதே பொறுமை

கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அழுத்தம் கழுத்தில், தண்டுவடத்தின்மேலேயே இருக்கலாம். அங்கே காத்திருந்து இழந்தது பல நேரம் திரும்புவதில்லை.

விடியட்டும் என்று படுப்பது

சிறுநீர் பிரியவில்லை, அல்லது அடக்க முடியவில்லை. மலங்கழிப்பது தெரியவில்லை. இரு தொடைகளுக்கு நடுவே மரத்துவிட்டது. பாதம் திடீரெனத் தொங்குகிறது. அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பது

அறுவைக்கு மறுநாள் தாழ்வாரத்தில் நடக்க வைத்தார்கள். மூன்றாவது சன்னலைத் தாண்டியும் கனம் இறங்கவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன், செவிலியர் வலி என்று நினைத்துக்கொண்டார். ஆறாவது வாரம் இடுப்பு வலித்தபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். யாரும் ஏமாற்றவில்லை, இடுப்புவலி போகும் என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறேன். இடுப்பு காலையில் விறைத்திருக்கிறது. பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு முழுதாகத் திரும்பவில்லை, இடது பெருவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. அந்தக் காலில் செருப்பு கழன்றால் பத்தடி போன பிறகுதான் தெரிகிறது.