சீட்டு எழுதிக் கொடுத்தால் உதவி செய்ததாகிவிடாது

ஓரிடத்தில் உட்காராத, எதிலும் கவனம் நிலைக்காத மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் குடும்பங்களோடு வேலை செய்ய ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். குழந்தையை நன்றாகவே பரிசோதிக்கிறார்கள். சாப்பாடு, கடன், ஆவணம், பஸ் செலவு என்று வீட்டுக் கஷ்டத்தைக் கேட்க வேண்டிய இடத்தில்தான், நாங்கள் அன்று இடறிய அதே கல்லில் இடறுகிறார்கள்.

மாமியார் முன்னால் விசாரிப்பது

வேண்டாம். பதில் பொய்யாகத்தான் வரும்.

பசியைக் கவனக்குறைவு என்று எழுதுவது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். இரண்டாம் வகுப்பு அக்காள் பள்ளியில் உப்புமா சாப்பிட்டுவிடுகிறாள். தம்பி டீயும் பிஸ்கட்டுமாக அங்கன்வாடியின் மதியச் சாப்பாடு வரை காத்திருக்கிறான். பதினொரு மணிக்கு அவன் கவனத்தைச் சோதித்து மதிப்பெண் போடாதீர்கள்.

சீட்டு

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான். தாய் ஒரு கஷ்டத்தைச் சொல்கிறார். உடனே ஒரு சீட்டில் ஏதோ அலுவலகத்தின் பெயர் எழுதப்படுகிறது. பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று ஏறிவிடுகிறது. எழுதியவருக்குக் கடமை முடிந்தது.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு தாய். நான்கு வயது மகனின் பெயர் ரேஷன் அட்டையில் இல்லை. 'இ-சேவை மையத்தை அணுகவும்' என்று சீட்டு கொடுத்தார்கள். அங்கே போனால் குழந்தையின் ஆதார் கேட்டார்கள். ஆதாருக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழிலோ பெயருக்கான இடம் காலி. அதை நிரப்பப் பிறப்பு பதிவான ஊருக்குத்தான் போக வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில். ஓராண்டு கடந்துவிட்டதால் தாமதக் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

அதைவிடக் கொடுமை வரிசை. ஐந்து நிமிடம் நிற்க முடியாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருக்கிறார். பையன் கையை உதறிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்து மின்கம்பிகளை இழுத்திருக்கிறான். "பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பார்" என்று பின்னாலிருந்து குரல் வந்ததும் பாதியிலேயே திரும்பிவிட்டார். பிறகு எங்களிடமும் வரவில்லை. கோப்பில் எழுதப்பட்டது: 'தாய் ஒத்துழைக்கவில்லை.' அந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டு, அடுத்து வருபவரும் அவரை அலட்சியக்காரராகவே பார்ப்பார். குழந்தையின் சிகிச்சையே நின்றுபோகும்.

சீட்டு எழுதும் முன் அந்த அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். என்னென்ன கேட்பார்கள், எந்த நாளில் கூட்டம் குறைவு என்று விசாரியுங்கள். முதலில் சான்றிதழில் பெயர், அடுத்து ஆதார், அதன் பிறகே ரேஷன் அட்டை என்று தாய்க்கு விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளை தேவைப்படாத நடைக்கு அவனை அழைத்துப் போகவிடாமல், யாரிடம் விட்டுப் போகலாம் என்று சேர்ந்து யோசியுங்கள். சில நாள் கழித்து நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'கிடைத்ததா?' என்று இன்னொரு பத்தி போடுங்கள். அது நிரம்பாதவரை வேலை முடியவில்லை.

"பஸ் இலவசம்தானே?"

பெண்களுக்குக் கட்டணமில்லாதது சாதாரண நகரப் பேருந்துகளில். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்க மாவட்டத் தலைநகரில் உள்ள இடையீட்டு சேவை மையத்துக்குப் புறநகர்ப் பேருந்தில் வருபவர் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறார்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும் என்பது

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில், ஏ.டி.எச்.டி. எனப்படும் இந்தக் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் இல்லை. வாக்குக் கொடுக்காதீர்கள்.

பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்புவது

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, மருந்துக்கு முன்னால் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் தர வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும் அப்படியே சொல்கிறது. பயிற்சி நல்லதுதான். ஆனால் குழுக் கடன் தவணைக்குப் பணம் புரளாத நாளில், பிள்ளை அடம்பிடிக்கும்போது பொறுமையாக இருங்கள் என்று ஒரு தாயிடம் சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? தவணை எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டு, பயிற்சிக்கு வேறு கிழமையைக் குறியுங்கள்.