கன்னியாகுமரி – ஸ்ரீநகர்: ஒரு கார், இரண்டு டிரைவர், ஏழு பகல்

தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துப் போனால், கீழே சொல்லும் சுற்றுச்சாலைகளையும் சேர்த்து, கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் ஒரு வழிக்குச் சுமார் 3,700 கி.மீ. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்றதுமே, 'ஆள் மாற்றி ஆள் ராத்திரியும் ஓட்டினால் நாலு நாளில் போய்விடலாம்' என்று ஒரு கணக்கு வரும். தப்பான கணக்கு. ஓடுகிற காரில் பக்கத்து சீட்டில் சாய்ந்து கண் அசருவது தூக்கமில்லை. ஒருவர் மட்டும் ஓட்டினால் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் பாதி ஆளாக இருப்பார். இரண்டு பேர் இருந்தால் அந்த நேரத்திலும் தெளிவான ஒருவர் ஸ்டியரிங்கில் இருப்பார். இரண்டாவது டிரைவரால் கிடைக்கிற லாபம் அதுதான், கூடுதல் தூரம் அல்ல. எனவே ஏழு பகல், இரவு ஓட்டம் கிடையாது.

எப்போது கிளம்புவது

செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் பாதி வரை கிளம்பினால் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ஜம்முவுக்கு மேல் மண்சரிவு. அமர்நாத் யாத்திரைக் கட்டுப்பாடுகளும் சேரும். அக்டோபர் கடைசியிலிருந்து பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோல் எரிக்கும் புகை. டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவிலிருந்து ஜம்மு வரை மூடுபனி. காலை பத்து மணிக்கும் முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் தெரியாது. பிப்ரவரி கடைசி, மார்ச் இரண்டாவது தேர்வு. ஏப்ரல், மே மாதத்தில் அடிலாபாத் – நாக்பூர் வெயில் டயரையும் ஏசியையும் சோதித்துவிடும்.

வண்டி

கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸ் விடாதீர்கள். பதினைந்து நாள் முன்னால் விட்டு, வாங்கிய பின் 300 கி.மீ. உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள். ஆயில் டிரெயின் போல்ட்டை ஒழுங்காக முறுக்காதது, ஒரு வீல் நட் தளர்வாக விட்டது, ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப் மாட்டாதது மாதிரி சர்வீஸில் வருகிற கோளாறெல்லாம் பெரும்பாலும் அந்த 300 கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். ஊரில் தெரிந்தால் அரை மணி நேர வேலை. தெலங்கானாவில் நிர்மல் ஊரைத் தாண்டித் தெரிந்தால் ஒரு நாள் போச்சு.

சர்வீஸில் வாய்விட்டுக் கேட்டுச் செய்யவேண்டியவை: பிரேக் பேட் 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள், போய் வருவதற்குள் 7,500 கி.மீ. ஓடிவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கும், மலை இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். பேட்டரி மூன்று வருஷத்துக்கு மேல் என்றால் லோடு டெஸ்ட் போடச் சொல்லுங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல், எங்கே போனது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டயரில்தான் அதிகம் கவனம் வேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. ஆறு வருஷம் தாண்டிய டயரை, பள்ளம் நன்றாக இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு நம்பவேண்டாம். பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. போதும், கிளம்பும்போது 3 மி.மீ.யாவது இருக்கட்டும். காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். அதில் முழுச் சுமைக்கு என்று இருக்கிற எண்ணைப் பிடியுங்கள். காலையில் கிளம்புமுன், டயர் சூடேறாதபோது மட்டும் பார்க்கவேண்டும். மதியம் பங்க்கில் வைத்துப் பார்த்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். 'ஐயோ, அதிகமாகிவிட்டது' என்று அதை இறக்கிவிடுவதுதான் பலர் செய்கிற தப்பு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. ஜாக்கியை எடுத்து வீட்டு வாசலிலேயே இரண்டு பேரும் ஆளுக்கொரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்கவேண்டும். இயந்திரத்தில் முறுக்கிய நட்டு கையால் அசையாமல் போகலாம். அதற்காக ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்றை, ஸ்பேனர் கைப்பிடியில் சொருகுகிற அளவில், டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பும் இருந்தால் பாதிச் சிக்கல்களுக்குச் சக்கரம் கழற்றவே வேண்டாம். ஆணி குத்தியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். முதலில் ரப்பர் பட்டையை ஊசிக் காதில் கோத்துப் பசை தடவித் தயாராக வையுங்கள். ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இடுக்கியால் இழுங்கள். அரத்தை அதே சாய்வில் நாலைந்து முறை உள்ளே வெளியே இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, பட்டையை இரண்டு வாலும் ஒரு செ.மீ. வெளியே நிற்கிற அளவு குத்தி, ஊசியை மட்டும் ஒரே வெடுக்கில் பிடுங்குங்கள். மெதுவாக இழுத்தால் பட்டையும் கூடவே வரும். மிச்சத்தை நறுக்கிவிட்டு, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு முட்டை வருகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் இதெல்லாம் உதவாது, ஸ்டெப்னிதான்.

இன்னொரு சின்ன விஷயம். டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் மேலே பார்க்கும். எதிரில் வருபவர் கண்ணைக் கூசும். டாஷ்போர்டில் 0, 1, 2 என்று எண் போட்ட குமிழ் இருந்தால் ஒன்றிரண்டு படி கூட்டி வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

காகிதம், பணம், சிம்

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். சிக்னல் இல்லாத இடத்துக்காக ஒரு நகல் கையில் இருக்கட்டும். கார் ஒருவருடையது, ஓட்டுவது இருவர். சரியான லைசென்ஸ் உள்ள நண்பர் ஓட்டினாலும் வண்டி இன்சூரன்ஸ் செல்லும். ஆனால் பாலிசியில் உள்ள தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு மட்டும். நண்பருக்குத் தனியாக விபத்துக் காப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாலிசியில் பயணிகளுக்கான காப்பைச் சேர்க்கலாம், பெரிய செலவில்லை.

ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்தது: 200 டோல் கடப்பு அல்லது ஒரு வருஷம், எது முதலோ அது. போய் வர அது போதும். தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய எக்ஸ்பிரஸ்வேக்கும் மட்டும்தான் செல்லும். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை மாதிரி மாநிலச் சாலைகளில் டேக்கின் சாதா இருப்பிலிருந்து பணம் போகும். அதற்கு 1,500 ரூபாய் விட்டு வையுங்கள்.

பெட்ரோலுக்கு, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் என்றால் போய் வர 500 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆந்திரம், தெலங்கானா, மத்தியப் பிரதேசம் மூன்றிலும் விலை கூடுதல், உத்தரப் பிரதேசம், ஹரியானாவில் குறைவு. ஆகவே கர்நாடகத்தின் கடைசி ஊரான பாகேபள்ளியில் டேங்க் நிரப்புவது, சாகர் தாண்டும்போது அளவாகப் போட்டு லலித்பூரில் நிரப்புவது என்று வைத்துக்கொண்டால் மிச்சமாகும். கால் டேங்குக்குக் கீழே மட்டும் எங்கேயும் இறங்கவிடாதீர்கள்.

நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது இங்கேதான். இருவரும் சம தொகை போட்டு ஒரு பொதுப் பை வையுங்கள். பெட்ரோல், டோல், சாப்பாடு, அறை எல்லாம் அதிலிருந்து. கார்க்காரருக்குத் தேய்மானம் என்று கிலோமீட்டருக்கு ஒன்றோ ஒன்றரையோ ரூபாய் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள். வண்டியில் கீறல் விழுந்தால் யார் செலவு என்பதையும்தான். கணக்கை அன்றன்றைக்கு ராத்திரி முடித்துவிடுங்கள்.

ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேலை செய்யும். இருவரில் ஒருவராவது இரண்டு வாரம் முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

ஓட்டுகிற முறை

சாப்பாடு, டீ, டோல் எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 55 முதல் 60 கி.மீ. வரும். 600 கி.மீ.க்குப் பத்திலிருந்து பதினோரு மணி நேரம். காலை 5.30-க்கு ஒருவர் எடுத்தால் 7.30 வரை. பிறகு 8 முதல் 10 மற்றவர், 10.15 முதல் 12.15 முதலாமவர், சாப்பிட்டு 1 முதல் 3 மற்றவர், 3.15 முதல் 5.15 முதலாமவர். மறுநாள் வரிசை மாறும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரைதான் ஆபத்தான பொழுது. அந்த நேரத்தில் ஓட்டுபவர் அரை வயிறு சாப்பிட்டவராக இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது. மற்ற நேரத்தில் தூங்கலாம், சீட்டை முழுக்கச் சாய்க்காமல். படுத்த நிலையில் பெல்ட் இடுப்பில் நிற்காது. மோதினால் உடம்பு அடியில் நழுவும்.

பக்கத்து சீட்டுக்காரருக்கும் வேலை உண்டு: அடுத்த திருப்பத்தை 2 கி.மீ. முன்னாலேயே சொல்வது, போன் எடுப்பது, தண்ணீர் தருவது. 'பிரேக் போடு, பிரேக் போடு' என்று காலால் தரையை மிதிப்பது அந்த வேலையில் சேராது. ஆனால் கொட்டாவியைப் பார்த்துவிட்டு 'மாத்திக்கலாம்' என்று ஒருவர் சொன்னால், மற்றவர் மறுபேச்சு பேசக்கூடாது. இந்த ஒரு விதிக்கு இருவரும் முன்னாலேயே ஒத்துக்கொள்ளவேண்டும்.

லாரிகள் வலது தடத்திலேயே போகும்; இடது பக்கம் ஏறித்தான் தாண்டவேண்டி வரும். தாண்டுமுன் இடது தடத்தில் பழுதாகி நிற்கிற லாரியோ, எதிர்ப்பக்கத்தில் வருகிற பைக்கோ இருக்கிறதா என்று தூரம் பாருங்கள். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் 'நீ தாண்டிப் போ' என்றும் இருக்கலாம், 'நான் வலது பக்கம் திரும்புகிறேன்' என்றும் இருக்கலாம். நடுத்தடுப்பில் இடைவெளி தெரிந்தால் இரண்டாவது அர்த்தம்தான் என்று வைத்துக்கொண்டு பின்னாலேயே நில்லுங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லருக்கும் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கும் பயந்துதான் இரவு ஓட்டம் வேண்டாம் என்கிறோம்.

ஏழு பகல்

முதல் நாள் மதுரை, சேலம் வழியாக ஓசூர், சுமார் 640 கி.மீ. நம்ம ரோடு, நம்ம சாப்பாடு, சுலபம். அங்கேயே தங்கவேண்டிய காரணம் பெங்களூரு: மறுநாள் விடியற்காலை 4.30-க்கு எடுத்து ஆறு மணிக்குள் ஹெப்பால் மேம்பாலம் தாண்டினால் ஒரு மணி நேரம். எட்டு மணிக்குப் போனால் மூன்று மணி நேரமும் ஆகலாம். அனந்தபூர், கர்னூல் வழியாக ஷம்ஷாபாத்தில் தங்கல், சுமார் 580.

மூன்றாம் நாள் ஹைதராபாத்துக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் ஏறி, கச்சிபௌலி பக்கமாகச் சுற்றி, மேட்சல் அருகே கண்ட்லகோயாவில் இறங்கினால் மறுபடி 44. நாக்பூர் வரை 540. நிர்மல், அடிலாபாத் தாண்டினால் சோறு குறைந்து ரொட்டி ஆரம்பிக்கும்.

நாலாம் நாள்தான் நீளம் தெரியும்: நாக்பூர் – ஜான்சி, 590. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் காடு. அங்கே சாலை தூண்களின் மேல் போகிறது. கீழே விலங்குகள் கடக்கும். வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிற இடமில்லை. லக்னாதோனிலிருந்து சாகர் வரை ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், தண்ணீரும் பெட்ரோலும் இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் ஜான்சி, குவாலியர், சம்பல் பாலம், தோல்பூர், ஆக்ரா, மதுரா, பல்வல். அங்கே டெல்லிக்குள் போகாமல் கிழக்குப் புறவழி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் 135 கி.மீ. சுற்றி குண்ட்லியில் இறங்கலாம். பழைய டீசல் கார் என்றால் கிளம்புமுன் டெல்லி வட்டாரத்தின் காற்று மாசுக் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். மாசு கூடுகிற நாட்களில் டெல்லியைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் தடை வரும். குண்ட்லி தாண்டியதும் முர்த்தல். பராத்தாவும் வெண்ணெயும் இரண்டுக்கு மேல் வேண்டாம், கர்னால் போய்ப் படுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டவேண்டும்.

ஆறாம் நாள் அம்பாலா, லூதியானா, ஜலந்தர், பதான்கோட் வழியாக ஜம்மு, 475. வேண்டுமென்றே குறைத்து வைத்தது, மறுநாளுக்குத் தூக்கம் முக்கியம்.

ஏழாம் நாள் ஜம்மு – ஸ்ரீநகர், வெறும் 260 கி.மீ.தான். ஆனால் ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவில் மலை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் ராம்பனில் பெய்த மழையில் இந்தச் சாலை மூடப்பட்டது. ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துப் போலீஸ் முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் அறிவிப்பை வெளியிடும்: எந்த வண்டி, எந்தத் திசையில், எத்தனை மணிக்குள். அந்த நேரம் தவறினால் உதம்பூரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 9.2 கி.மீ. நீள செனானி – நஷ்ரி சுரங்கத்தில் எதிர் வண்டிகளும் அதே குழாயில்தான் வரும். டிம் லைட் போட்டு, ஏசியை உள்காற்றுக்கு மாற்றி, யாரையும் தாண்டாமல் போங்கள். ராணுவ வண்டி வரிசை வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், நடுவில் நுழையாதீர்கள். மலை ஏறும்போது எந்தக் கியரோ, இறக்கத்திலும் அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை ஒரே மூச்சாக மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாருங்கள். கருகின வாசனை வந்தால் ஒதுக்கி நிறுத்தி இருபது நிமிஷம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது.

திரும்பும்போது இதே பாடம் தர்மபுரி தாண்டித் தொப்பூரில் மறுபடி வரும். ஊர் நெருங்கிவிட்டது என்ற நினைப்பில் வேகம் ஏறும் இடம் அது. பின்னால் வருகிற லாரி டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிக்கொண்டிருக்கலாம், பிரேக் பிடிக்காமலும் வரலாம். இடது தடத்தில், மூன்றாவது கியரில், கண்ணாடியைப் பார்த்தபடி இறங்குங்கள். முன்னால் நிற்கிற வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தாதீர்கள், இடது பக்கம் ஒடித்துத் தப்பிக்க ஒரு கார் அளவு இடம் விட்டே நிறுத்துங்கள்.