பழைய எம்ஜிபி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலர் புது பேட்டரியோ புது ஸ்டார்ட்டரோ வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் போதும், கோளாறு எங்கே என்று அதுவே காட்டிவிடும். என் அனுபவத்தில் இந்த வண்டிகளில் பாதிக் கோளாறு எர்த்தில்தான், அதாவது பேட்டரியை வண்டியின் உலோக பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பில்தான் இருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று: 1967 வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஜம்பர் கேபிளைத் தொடுங்கள். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

பேட்டரி சீட்டுக்குப் பின்னால் மூடிக்கு அடியில் இருக்கும். 1974 வரை அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தன. இரண்டையும் இணைக்கும் குட்டி கேபிளையும் மறக்காமல் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது மொத்தம் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இனி முக்கியமான சோதனை. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாமலிருக்க, காயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் சுருள்) வரும் வெள்ளை ஒயரைக் கழற்றி, முனை எதிலும் படாதபடி ஒதுக்கிவையுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்தின் மேலேயே வையுங்கள். அந்தக் கம்பத்தைக் கவ்வும் கேபிள் கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது. மறுமுனை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். 1 வோல்ட்டைத் தாண்டினால் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே தொலைகிறது. கம்பம்–கிளாம்ப், கிளாம்ப்–பாடி, பாடி–எஞ்சின் என்று துண்டு துண்டாக அளந்தால் திருடன் அகப்படுவான். பெரும்பாலும் கடைசித் துண்டில்தான்.

ஏனென்றால் எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை மின்சாரத்தில் சேர்ப்பது ஒரு பின்னல் பட்டைதான். வெளியே பளிச்சென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் துருவும் பெயிண்டும் பச்சைப் பூஞ்சும். பட்டை செத்துவிட்டால் மின்சாரம் சோக் கேபிள் வழியே போகப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது அந்த கேபிள் சுட்டால் வேறு சாட்சியே வேண்டாம். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள்.

எர்த் சரி, ஆனாலும் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் இதே அளவை பேட்டரியின் மறுமுனையிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை எடுங்கள். அங்கே இழப்பு அதிகமென்றால் கேபிள் அல்லது சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்).

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை என்றால் வெள்ளை ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு இக்னிஷனைப் போட்டுக் காது கொடுங்கள். பெட்ரோல் பம்ப் சில தடவை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் பம்ப்பின் ஒயரையும் எர்த்தையும் பாருங்கள். நிற்காமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ கசிவு. பெட்ரோல் வாடை வந்தால் உடனே இக்னிஷனை அணையுங்கள். பம்ப் சரியென்றால், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அதற்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். சூடானதும் நின்று, ஆறியபின் ஓடும் வண்டியில் கண்டென்சரையும் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு பாகம்) காயிலையும் சந்தேகப்படுங்கள்.

ஒயர் நிறங்களைத் தெரிந்துகொள்வது பெரிய பலம். பழுப்பு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன் வழியே ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் பச்சைக்கான ஃபியூஸைப் பாருங்கள். பல நேரம் ஃபியூஸ் போயிருக்காது, அதைப் பிடிக்கும் கிளிப் கறுத்திருக்கும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பேட்டரியில் இன்னொரு தடவை மீட்டரை வையுங்கள். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 13-ஐக்கூடத் தொடவில்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள்.