வேல்ஸ் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கான்வி கோட்டையடியில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞர், வட்டக் கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறிப்போகும் துளைகளை நண்பர்களுக்குக் காட்டி, "அம்பு விட்ட ஓட்டைகள்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். 12 வருடத்துக்கு முன் அதே இடத்தில் நின்று, அதே தைரியத்தோடு நானும் அதைத்தான் சொன்னேன். மழைக்கோட்டு, வழுக்காத காலணி பற்றியெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு சில விஷயங்கள் இருக்கின்றன.

துளைகள்

அவை சாரம் கட்டிய துளைகள். கட்டையைச் சுவரிலேயே செருகி, மேலே போகப்போகச் சுற்றிக்கொண்டே ஏறும் சரிவுப் பாதைபோலச் சாரம் கட்டியிருக்கிறார்கள். இது ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சவாய் நாட்டுக் கொத்தர்களின் பழக்கம். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னருடைய தலைமைக் கொத்தர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் அங்கிருந்து வந்தவர்.

வேல்ஸில் இருப்பதெல்லாம் வேல்ஸ்காரர்கள் கட்டியதல்ல

கான்வி, கேர்னார்வன், ஹார்லெக் மூன்றும் 1283-இல் தொடங்கியவை, பியூமாரிஸ் 1295-இல். நான்குமே வேல்ஸை அடக்க இங்கிலாந்து மன்னர் எழுப்பியவை. வேல்ஸ் இளவரசர்கள் கட்டியதைப் பார்க்க வேண்டுமென்றால் டோல்பாடர்ன், காஸ்டெல் அ பெரெ பக்கம் போங்கள். கூட்டமே இருக்காது, பாதி நாள் ஆடுகள்தான் துணை.

பழசு போலத் தெரிவதை எல்லாம் பழசு என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. டோல்விதெலன் கோட்டை ஒரு மலைச்சரிவில் தனியாக நிற்கும் சதுரக் கோபுரம், 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர் லுவெலின் அப் யோர்வெர்த் கட்டியது. அதன் உச்சியில் பல்வரிசை மாதிரி ஒரு கைப்பிடிச்சுவர் இருக்கிறது, அங்கே நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் யாருக்கும் மயக்கம் வரும், எனக்கும் வந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதை வரைந்து, 'லுவெலின் காவல் நின்ற மதில்' என்று கீழே எழுதி, 300 அட்டை அச்சடித்துவிட்டேன். முதல் அட்டையை வாங்கிய உள்ளூர்ப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "இந்தச் சுவர் விக்டோரியா மகாராணி காலத்தில் வைத்தது, தம்பி" என்றார். 1848 முதல் 1850 வரை நடந்த பழுதுபார்ப்பில் சேர்த்ததாம். 299 அட்டைகள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன.

அவமானம்கூடப் பரவாயில்லை. அதே கோபுரத்துக்குள்ளே போய்ச் சுவரை ஒழுங்காகப் பார்த்திருந்தால் பழைய கூரை உட்கார்ந்திருந்த சாய்வுக் கோடு தெரிந்திருக்கும், கோபுரம் முதலில் எவ்வளவு குட்டையாக இருந்தது என்பதும் அதிலேயே புரிந்திருக்கும். நான்தான் உச்சிக்கு ஓடிவிட்டேனே.

கேர்ஃபிலியில் இதே பொறி இன்னும் பெரியது. 1268-இல் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு தொடங்கிய கோட்டை அது, ஆனால் இன்று நிமிர்ந்து நிற்கும் சுவரில் நிறைய பகுதியை 1928-க்கும் 1939-க்கும் இடையில் பியூட் பிரபு திரும்ப எழுப்பினார். சாய்ந்த கோபுரத்தை மட்டும் நிமிர்த்தாமல் விட்டார்கள், அதனால்தான் நான் அங்கே முதலில் அதன் காலடிக்குப் போகிறேன். கார்டிஃபுக்குப் பக்கத்திலுள்ள காஸ்டெல் கோக் இன்னும் மோசம். கூம்புக் கூரையும் சித்திரச் சுவர்களும் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் 1870-களில் தொடங்கிய கற்பனை, அடிப்பகுதி மட்டும்தான் 13-ஆம் நூற்றாண்டு. அழகான கற்பனை, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு 'இடைக்காலத்தில் இப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்று எழுதாதீர்கள்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரை நேராகப் பார்க்காமல் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கல்லின் நிறம் ஒரே கோட்டில் திடீரென்று மாறும், சாந்து வேறு மாதிரி இருக்கும், விளிம்பு கூர்மையாக, தேயாமல் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே பழசு, மேலே புதுசு. எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாகச் சிக்காது, ஆனால் பழகினால் கண் தானாகவே அந்தக் கோட்டைத் தேடும்.

கேர்னார்வனின் வட்ட மேடை

1969-இல் சார்லஸ் வேல்ஸ் இளவரசராகப் பட்டமேற்ற விழாவுக்காகப் போட்ட பலகைக்கல் மேடை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், இடைக்காலம் என்று மட்டும் போடாதீர்கள்.

ஹார்லெக்கில் கடலைக் காணோமே

கோட்டை அப்படியே நிற்கிறது, கடல்தான் விலகிப்போனது. ஒரு காலத்தில் பாறையடிவரை தண்ணீர் வந்தது, கப்பலில் வந்த சாமான்களை அங்கிருந்து செங்குத்துப் படிகளில் மேலே ஏற்றினார்கள். இன்று அந்த அடிவாரத்தில் இருப்பது ரயில் நிலையம்.